காலை ஆறு பத்து

ஞாபகம் இருக்கா என்று மட்டும்
கேட்காதீங்கம்மா என்றாள் நஸ்ரின் பானு,
ராமநாதபுரத்திலிருந்து வாரம் ஒருமுறை
பாம்பனுக்கு பஸ்ஸில் வருகிற பெண்.
படத்தைக் காட்டுங்க, பக்கத்துல உட்காருங்க, போதும்.
சொல்லிவிட்டு டேப்லெட்டை மேசைமேல்
மீன்தட்டுக்கு எட்டாத தூரத்தில் வைத்தாள்.

நாற்பத்தொன்பது வருடக் கல்யாணத்தில்
அந்த ஒரு கேள்வியை எடுத்துவிட்டால்
பேச மிச்சம் என்ன இருக்கிறது?
சாவி எங்கே, உப்பு போதுமா.

கல்யாணப் படத்தைக் காட்டினேன்.
"பொண்ணு கொஞ்சம் கோவக்காரி போல" என்றார்.
சரியாகத்தான் சொன்னார்.
பழைய பாலம், புதுப் பாலம்,
சந்தியாகப்பர் கோயில் கொடியேற்றம்
எல்லாம் விரலடியில் நழுவிப் போயின,
ரயில் ஜன்னலில் கருவை மரங்களாக.

பிறகு துறைமுக அலுவலகக் கோப்பு.
யாரோ மாணவர்கள் மக்கிய பேரேடுகளைப்
பக்கம் பக்கமாகப் படமெடுத்து ஏற்றியிருந்தார்கள்,
கறையான் தின்ற ஓட்டைகளோடு.
கித்தேரியான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.
என் பெயரை நவம்பரில் தொலைத்தவர்
ஒன்றாம் எண் கூண்டு, தூரத்தில் புயல் என்றார்.
மூன்று, பலத்த காற்று.
ஏழு, துறைமுகத்துக்கே ஆபத்து.
"பதினொன்று?"
கேட்கக்கூடாது என்பதை மறந்து கேட்டேன்.
"கம்பி அறுந்து போச்சு.
ஆபீசுக்கும் நமக்கும் பேச்சில்லை.
அதை மட்டும் நான் ஏத்தினதே கிடையாது."

அன்று முதல் எங்களுக்கு அதுதான் பாஷை.
விடிந்ததும் "இன்னைக்கு என்ன?" என்பேன்.
ஒண்ணு என்றால் குளிக்க வருவார்.
மூணு என்றால் சட்டைப் பொத்தானைத் தொடக்கூடாது.
ஏழு என்று சொன்ன ஒரு சாயங்காலம்
கதவுக்குக் குறுக்கே நாற்காலி போட்டு
விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.
பதினொன்றை அவர் சொன்னதில்லை.
சில ராத்திரிகளில் நானே
எனக்குள் ஏற்றிக்கொண்டேன்.

அந்தப் பக்கம் வரும் என்று
நான் நினைத்திருக்க வேண்டும்.
டிசம்பர் ஒன்பது.
அவர் கையெழுத்து.
எனக்குத் தெரிந்த ஆங்கிலமே போதும்:
கூண்டு இறக்கப்பட்டது, காலை ஆறு பத்து.

அன்றைக்குத்தான் ராயப்பன்
இன்னாசியின் படகில் போனான்.
இருபத்துநாலு வயசு.
மூன்றாம் நாள் குந்துகாலில்
ஒரு பலகை ஒதுங்கியது, பச்சை பெயிண்ட் அடித்தது.
அந்த நிமிடத்தை இருபத்திரண்டு வருடம்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தார் மனுஷர்.
உங்க மேல தப்பில்லை என்று
நான் சொல்லாத நாள் இல்லை.
காதில் வாங்கிய நாளும் இல்லை.

தள்ளிவிட விரலை நீட்டினேன்.
என் கையைப் பிடித்துக்கொண்டார்.
குனிந்து, கண்ணாடியை மூக்கோடு அழுத்திப் படித்தார்.
"எழுத்து அழகா இருக்கு."
அப்புறம்,
"காத்து வாடையில நிக்குது, பாரு.
பாரமானி இன்னும் ஏறவே இல்லை.
இவன் ஏன் இறக்கினான்?"

மேலேயிருந்து தந்தி வந்தது என்றேன்.
"உத்தரவா?"
உத்தரவு.
வெகுநேரம் அந்தக் கையெழுத்தையே பார்த்தார்.
"அப்ப அவன் என்ன பண்ணுவான், பாவம்.
அவன் மேல தப்பில்லை."

அவன் யார் என்று நான் சொல்லவில்லை.
அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.
தண்ணீர் விடாத நேரம்.
காற்றுதான் சீறியது.

மறுநாளும் அதே பக்கத்தைத் திறந்தேன்.
பேராசைதான்.
கையெழுத்துப் பக்கம் அவர் திரும்பவேயில்லை.
கறையான் ஓட்டையில் விரல் வைத்து
"இது எந்தத் தீவு?" என்றார்.
தெரியலையே.
"குருசடைக்கு மேற்கே.
புதுசா இருக்கு."
நானும் குனிந்து பார்த்தேன்.